கூரை திறக்கும் காரை யாரிடம், எப்படி விற்பது?

காரைக்காலில் கட்டுமானப் பொருள் கடை நடத்திவரும் 61 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது:

“2013 டிசம்பரில் புதிதாக வாங்கிய பி.எம்.டபிள்யூ. இசட்4 எஸ்டிரைவ்35ஐ கார் என்னிடம் இருக்கிறது. பி.ஒய். 02 பதிவு. நான் ஒருவனே உரிமையாளர். 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஆண்டு தவறாமல் சர்வீஸ் செய்திருக்கிறேன், விபத்து கிடையாது, இன்சூரன்ஸில் ஒரு ரூபாய்கூடக் கேட்டதில்லை. முதுகெலும்பில் தேய்மானம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இவ்வளவு தாழ்வான காரில் இனி ஏறி இறங்க முடியவில்லை. சென்னை வியாபாரி ஒருவர் 21 லட்சம் என்கிறார். நண்பர்கள் 40 லட்சத்துக்குக் குறைந்து கொடுக்காதே என்கிறார்கள். பாலிசியில் 27 லட்சம் என்று இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து வந்து பார்த்த ஓர் இளைஞர், பாதிப் பணம் இப்போது, மீதி மூன்று மாதத்தில், ஆனால் வண்டியை உடனே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கூரை முன்பைவிட மெதுவாகத் திறக்கிறது. டயர்கள் 2016இல் மாற்றியவை, பட்டன் நன்றாகவே இருக்கிறது. இவற்றைச் சரிசெய்துவிட்டு விற்பதா, இருக்கிறபடியே விற்பதா? விற்பதற்கு முன் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை நெடுந்தூரம் போய்வர வேண்டும் என்று என் மனைவி ஆசைப்படுகிறார். அதை எப்போது வைத்துக்கொள்வது என்றும் சொல்லுங்கள்.”

அன்புள்ள ஐயா,

நான் தஞ்சாவூரில் வாகன மதிப்பீட்டாளனாக இருக்கிறேன். ஆண்டின் பெரும்பகுதி டிராக்டர், நெல் அறுவடை இயந்திரம், லாரி என்றே கழியும். உங்களுடையதைப் போன்ற கார் இந்த வட்டாரத்தில் என் மேசைக்கு வருவது அபூர்வம். உங்கள் சிக்கலுக்கு வேரும் அந்த அபூர்வம்தான். சாதாரணக் குடும்பக் கார் என்றால் கும்பகோணத்தில் ஒரே மாலையில் பத்துப் பேர் விலை சொல்வார்கள். பத்து விலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, 306 குதிரைத்திறன் கொண்ட, கூரை மடங்கும் காருக்கு அப்படி ஒரு பொது விலை டெல்டாவில் உருவானதே இல்லை. அதனால்தான் உங்களிடம் மூன்று எண்கள் வந்து நிற்கின்றன. இத்தகைய வண்டியைப் பொறுத்தவரை, வாங்க வருபவரின் மனத்தில் எவ்வளவு சந்தேகம் மிஞ்சுகிறதோ அவ்வளவு பணம் உங்கள் கையிலிருந்து குறையும். நான் சொல்லப்போகும் யோசனைகள் எல்லாம் அந்தச் சந்தேகத்தைக் காகிதத்தின் மூலம் குறைப்பதைப் பற்றியவைதான்.

முதலில் அந்த மூன்று எண்களைப் பார்த்துவிடலாம். பாலிசியிலுள்ள 27 லட்சத்தை மறந்துவிடுங்கள். காப்பீட்டு மதிப்புக்கான தேய்மானப் பட்டியல் ஐந்து ஆண்டோடு முடிந்துவிடுகிறது. ஆறு மாதம் வரை 5 சதவீதத்தில் தொடங்கி, நான்கிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 50 சதவீதத்தில் நிற்கும். அதற்கு மேல் வயதான காருக்கு நீங்களும் நிறுவனமும் பேசி ஒத்துக்கொண்ட தொகைதான் பாலிசியில் ஐ.டி.வி. என்று எழுதியிருக்கும் காப்பீட்டு மதிப்பு; அது சந்தை சொன்ன விலை ஆகாது. நண்பர்கள் சொல்லும் 40 லட்சம் விளம்பரங்களில் பார்த்த எண்ணாக இருக்கும். விளம்பரத்தில் இருப்பது கேட்ட விலை. அதே வண்டி அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அங்கேயே நிற்கிறதா என்று பார்த்தால் அந்த விலையின் உண்மை புரியும். உங்கள் கார் புதிதாக விற்றபோது ஷோரூம் விலை ஏறத்தாழ 69 லட்சம். அந்தத் தலைமுறை இசட்4 2016இல் உற்பத்தி நின்றுவிட்டது என்பதும், அடுத்த தலைமுறை உலோகக் கூரையை விட்டுத் துணிக் கூரைக்கு மாறிவிட்டது என்பதும் உங்கள் காருக்கு ஓரளவு தனி மதிப்பைத் தருகின்றன. அதற்காக அதைப் பழம்பொருள் என்று நினைத்து விலை சொல்லும் காலம் இன்னும் வரவில்லை.

வியாபாரியின் 21 லட்சம் உங்களைக் கோபப்படுத்தியிருப்பது கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. அவர் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு டயர், கூரை வேலை, மாதக்கணக்கில் இடம் அடைத்து நிற்கும் வண்டியில் முடங்கும் முதல், அவருடைய லாபம், அந்த லாபத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவார். (நீங்கள் தனிநபராகச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்பதால் உங்களுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கார் கடையின் பெயரில் வாங்கித் தேய்மானம் எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு, கணக்காய்வாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கழிவு ஒன்றை அவர் உங்களிடம் சொல்லாமலே கழித்திருக்கிறார். அது உங்கள் நம்பர் பிளேட்டில் இருக்கும், புதுச்சேரிப் பதிவைக் காட்டும் பி.ஒய். என்ற எழுத்து.

காரைக்கால் காவிரியின் கடைமடையில் இருக்கிறது. நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் தமிழ்நாடு, நான்காவது கடல். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இருப்பது வேறொரு மாநிலம். மயிலாடுதுறையில் இருப்பவர் உங்கள் காரை வாங்கினாலும், அது ஒடிசாவிலிருந்து வந்த காரைப் போலத்தான்: உங்கள் பதிவு அலுவலகத்தில் ஆட்சேபணை இல்லை என்ற சான்று (என்.ஓ.சி.) வாங்கி, தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, அங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு இந்த வரி 20 சதவீதம். வயதான காருக்கு வயதுக்கேற்ப விகிதம் குறையும் என்றாலும், கணக்கின் அடிப்படை இன்று நீங்கள் விற்கும் விலையாக இராமல் அன்றைய விலைப்பட்டியலாக இருப்பதால், 69 லட்ச ரூபாய்க் காருக்கு அது சில லட்சங்களாகவே வந்து நிற்கும். நீங்கள் காரைக்காலிலேயே வீடும் கடையும் வைத்து வாழ்பவர்; உங்கள் பதிவு நேர்மையானது. ஆனால் வரியைக் குறைக்கப் புதுச்சேரியில் போலி முகவரி காட்டிச் சொகுசுக் கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017இல் கேரளத்தில் பெரிதாக வெடித்த பிறகு, பி.ஒய். பதிவுள்ள விலை உயர்ந்த கார் என்றாலே வாங்குபவர் ஒரு நொடி தயங்குகிறார். அந்தத் தயக்கத்தையும் வியாபாரி விலையில் கழித்திருக்கிறார்.

ஆகவே பேரம் தொடங்குவதற்கு முன்பே, மயிலாடுதுறை அல்லது கும்பகோணம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், இந்தக் காரின் அசல் விலைப்பட்டியலையும் பதிவுத் தேதியையும் காட்டி, மறுபதிவுக்கு எவ்வளவு வரி வரும் என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை நீங்களே வாங்குபவரிடம் முதலில் சொல்லுங்கள். மறைத்தால் அவர் அதைத் தாமாகக் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்த நாளில் உண்மையான வரியைவிட இரண்டு பங்கு குறைத்துக் கேட்பார். காரைக்காலில் நீங்கள் வாழ்வதற்குச் சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது போன்றவற்றின் பழைய பிரதிகளையும் கோப்பில் வையுங்கள். புதுச்சேரி, வில்லியனூர் பக்கம் வாங்குபவர் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அவரிடம் சில லட்சம் கூடுதலாக உறுதியோடு நிற்கலாம். என்.ஓ.சி.யை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடாதீர்கள். படிவம் 28இல் வண்டி எந்த அலுவலகத்துக்குப் போகிறது என்று குறிப்பிட வேண்டும். கோவைக்கு என்று வாங்கி வைத்துவிட்டுக் கடைசியில் பெங்களூருக்கு விற்றால் அதை ரத்து செய்ய மறுபடி அலைய வேண்டும்.

உங்கள் கடிதத்திலுள்ள விவரத்தை மட்டும் வைத்து, காரை நேரில் பார்க்காமல் நான் சொல்லக்கூடியது இது: கீழே சொல்லும் வேலைகளை முடித்த பிறகு 32 லட்சம் கேளுங்கள், தமிழ்நாட்டு ஆளாக இருந்தால் 27க்குக் கீழே இறங்க வேண்டாம். ஒரு பருவம் முழுக்க யாரும் வரவில்லை என்றால் அப்போது என் எண் தவறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் காத்திருக்கவும் கூடாது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். உங்களுடையது 2028 டிசம்பரில் முடிகிறது. அதன் பிறகு தகுதிச் சோதனை, புதுப்பிப்புக் கட்டணம், தமிழ்நாட்டில் பசுமை வரி என்று வரிசையாக வரும். வாங்குபவர் அந்த மாதங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டுதான் உங்கள் கடை வாசலில் வந்து நிற்பார்.

இனி “நன்றாகப் பராமரித்தேன்” என்ற சொல்லுக்கு வருகிறேன். விற்கிறவர்கள் எல்லாரும் இதையே சொல்கிறார்கள் என்பதால் இந்தச் சொல்லுக்கு விலையே இல்லாமல் போய்விட்டது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேலான காரில் 31,000 கிலோமீட்டர் என்றதும், நம் ஊரில் முதலில் தோன்றுவது கிலோமீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்ற எண்ணம்தான். உங்களால் அதை உடைக்க முடியும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் ஒவ்வொரு முறையும் பதிவான கிலோமீட்டரோடு முழு வரலாற்றையும் அச்சிட்டு வாங்குங்கள். இந்த நிறுவனத்தின் சாவியிலேயே காரின் அடையாள எண்ணும் ஓடிய தூரமும் பதிவாகியிருக்கும். இரண்டு சாவிகளையும் அங்கே படிக்கச் செய்யுங்கள். ஒரு சாவிதான் இருக்கிறது என்றால் மற்றதைத் தேடி எடுங்கள், பூஜை அலமாரியில் இருக்கலாம். புகைச் சான்றிதழ்களில்கூட அந்தந்தத் தேதி இருக்கிறது. அவற்றையெல்லாம் ஆண்டு வரிசையில் ஒரே கோப்பில் அடுக்கினால், வாய் திறந்து நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்காது.

குறைவாக ஓடியது முழுக்க நன்மை என்றும் எண்ணாதீர்கள். ஓடாமல் நின்ற காரில் எண்ணெய் பழசாகும், பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும், ரப்பர் விறைக்கும். தூரத்தைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் திரவமும் மாற்றினீர்கள் என்று பில் காட்டுமானால் அதைத்தான் கோப்பின் முதல் பக்கத்தில் வைக்க வேண்டும்.

உங்கள் காரைத் தேடி வருபவர் பெரும்பாலும் எஞ்சினின் பெயரைச் சொல்லியே பேச்சைத் தொடங்குவார். அதிலுள்ளது என்54 என்ற 2979 சி.சி. இரட்டை டர்போ ஆறு சிலிண்டர் எஞ்சின்; 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டும் தொடர்ந்து உலகின் சிறந்த எஞ்சின் விருது பெற்றது. அதன் புகழை அறிந்தவருக்கு அதன் பலவீனங்களும் தெரியும். உயர் அழுத்த எரிபொருள் பம்புக்காக 2010இல் அமெரிக்காவில் பெருந்தொகையான கார்களைத் திரும்ப அழைத்ததை அவர் படித்திருப்பார். மின்சாரத்தில் ஓடும் தண்ணீர் பம்ப் மாற்றியாயிற்றா, உள்ளிழுக்கும் வால்வுகளில் கரி படிந்திருக்கிறதா, டர்போ பக்கம் கிலுகிலுவென்று ஓசை வருகிறதா என்று கேட்பார். மிக முக்கியமாக, கணினியில் மென்பொருளை மாற்றி எஞ்சின் சக்தியை ஏற்றியிருக்கிறீர்களா என்று கேட்பார். இந்த எஞ்சினில் அதைச் செய்வது சுலபம் என்பதால் பல கார்கள் அப்படிப் பிழியப்பட்டுவிட்டன. தொழிற்சாலையில் வந்தபடியே இருக்கும் உங்கள் கார் அந்த வகையில் தேடப்படும் பொருள். பிழைக் குறியீடுகளைப் படித்த அறிக்கை ஒன்றை அண்மைத் தேதியில் எடுத்து வையுங்கள். வாங்குபவர் வரும் நாளில் “எளிதாக ஸ்டார்ட் ஆகட்டும்” என்று முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் வந்ததும் பானட்டைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் மனத்துக்குள் இரண்டு லட்சத்தைக் குறைத்துக்கொள்வார்.

கூரையை விற்பதற்கு முன் சரிசெய்தே ஆக வேண்டும். கூரை நம்பிக்கையாகத் திறக்காத கன்வெர்டிபிளை எவரும் முழு விலைக்கு வாங்க மாட்டார், ஏனென்றால் அவர் வாங்க வருவதே அந்தக் கூரைக்காகத்தான். ஆனால் பயந்து ஹைட்ராலிக் பம்பை மாற்றச் சொல்லிவிடாதீர்கள். வாரக்கணக்கில் நிற்கும் காரில் கூரை மெதுவாவதற்கு முதல் சந்தேகம் பலவீனமான பாட்டரி. ஏறத்தாழ இருபது நொடியில் முடிய வேண்டிய வேலை எத்தனை நொடி எடுக்கிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். பாட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள். வேகம் திரும்பிவிட்டால் புதுப் பாட்டரி போட்டு, அதைக் காரின் கணினியில் முறையாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நம் பக்கத்து பாட்டரிக் கடைகள் இந்தப் பதிவைச் செய்யாமல் விட்டுவிடுவதுண்டு. அப்படியும் மந்தமாகவே இருந்தால் ஹைட்ராலிக் எண்ணெய் அளவும் கசிவும் பார்க்க வேண்டும். இணைப்பு ரப்பர்களைத் துடைத்து அதற்கென்று உள்ள மசகைத் தடவுங்கள். தண்ணீர் வடியும் துளைகளில் வேப்பஞ்சருகு அடைத்திருக்கும், அதை எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடைத்த துளையால்தான் இத்தகைய கார்களின் உட்பகுதி நனைகிறது.

டயர் விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. பட்டன் இருக்கிறது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் ரப்பருக்கு வயதாகிவிட்டது. பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். 2316 என்று இருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வருபவர் அதைக் குனிந்து படிப்பார். தவிரவும் இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது, காற்று போனாலும் ஓடும் டயரை நம்பித்தான் வண்டி இருக்கிறது. அந்நியர் ஒருவர் உங்களை அருகில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கப்போகும் காரில் விறைத்துப்போன டயரோடு உட்கார வேண்டாம். நான்கையும் மாற்றுங்கள். செலவு முழுக்க விலையில் திரும்பாது, தெரிந்தே சொல்கிறேன்.

பெயிண்ட் வேலை மட்டும் வேண்டாம். சிறு கீறல்கள் அப்படியே இருக்கட்டும். ஒரு கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தால், அளவு கருவியில் பெயிண்டின் தடிமன் கூடுதலாகக் காட்டும்; விபத்து இல்லை என்ற உங்கள் வாக்கு அந்த இடத்திலேயே சந்தேகத்துக்குள்ளாகிவிடும். காந்தத்தை ஒட்டிப் பார்த்து உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்களா என்று சோதிக்கும் புரோக்கர்கள் நம் ஊரில் இன்றும் உண்டு. உங்கள் காரின் கூரை அலுமினியம், காந்தம் ஒட்டாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வீண் வாக்குவாதம் மிச்சம்.

டெல்டாவில் வைத்திருந்த கார் என்பதால் வெளியூர்க்காரர் மூன்று கேள்விகள் கேட்பார். கடற்காற்றில் அடிப்பகுதி துருப்பிடித்ததா என்பது முதல் கேள்வி. லிஃப்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் இணைப்புகள், பிரேக் குழாய்கள், சைலன்சர் இவற்றை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். துரு இருந்தால் அதையும் மறைக்காமல் எடுங்கள். இரண்டாவது, வெள்ளம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அன்று கார் எங்கே நின்றது என்று கேட்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும், இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துருக் கோடு தெரியும்; இவற்றை நீங்களே இழுத்துக் காட்டுங்கள். மூன்றாவது கேள்வி பெங்களூர்க்காரருக்குத் தோன்றாது, நமக்குத்தான் தெரியும்: எலி. சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் அவை வீடுகளை நோக்கி வருகின்றன, நிற்கும் காரின் எஞ்சின் அறை அவற்றுக்கு வெதுவெதுப்பான இடம். வயரிங்கில் பல் பட்டிருக்கிறதா என்று விற்பதற்கு முன் ஒரு எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் வேலைகளை முடித்து, மார்கழி கடைசியில் விளம்பரம் கொடுங்கள். கூரை திறந்த காரை ஆசையோடு ஓட்டிப் பார்க்கத் தென்னிந்தியாவில் அதைவிட நல்ல பருவம் இல்லை. ஆனால் ஓட்டிக் காட்டும் பாதையைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். அறுவடைக் காலத்தில் நம் கிராமச் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் பரப்பியிருப்பார்கள், சற்றுப் பிந்தினால் உளுந்துச் செடியை வண்டிகள் மிதித்துப் பிரிப்பதற்காகவே போட்டிருப்பார்கள். தாழ்வான காரின் அடியில் அது சுருட்டிக்கொண்டு, கொதிக்கும் புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். நாகப்பட்டினம் செல்லும் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் ஓட்டிக் காட்டுங்கள். வருபவரின் அசல் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துப் படமெடுத்த பிறகே சாவி. இரண்டே இருக்கை என்பது இங்கே உங்களுக்குச் சாதகம்: ஒன்றில் அவர், மற்றதில் நீங்கள், அவரோடு வந்தவர்கள் உங்கள் கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கட்டும்.

இப்போது அந்தக் கும்பகோணத்து இளைஞர். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் கேட்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பணம் முழுதாக வராமல் வண்டி போகக்கூடாது. பெயர் மாறாமல் வண்டி ஓடவும் கூடாது. உண்மையில் ஆசை இருந்தால் வங்கிக் கடன் வாங்கட்டும், அல்லது சிறு முன்பணம் கொடுத்துவிட்டு வண்டியை உங்கள் ஷெட்டிலேயே மூன்று மாதம் வைத்திருக்கட்டும். பல ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் பாதிப் பணத்துக்கு ஜீப்பைக் கொடுத்து, படிவங்களில் வெற்றுக் கையெழுத்தும் போட்டுவிட்டார். வண்டி இரண்டு கை மாறியது, மூன்றாவது கையில் இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு சைக்கிள்காரர் மீது மோதியது. நோட்டீஸ் வந்தது ஆர்.சி.யில் பெயர் இருந்தவருக்கு. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே.

எனவே உரிமை மாற்றத்துக்கான படிவம் 29இலும் 30இலும் வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள்ளும், வெளிமாநிலம் என்றால் என்.ஓ.சி.யோடு 45 நாளுக்குள்ளும் நீங்கள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். வியாபாரியிடமே கொடுப்பதென்று முடிவானால், அவர் 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிப்படி அங்கீகாரச் சான்று வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அப்படிப்பட்டவரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டால், அன்றிலிருந்து வண்டிக்கு அவர் பொறுப்பு. அந்தச் சான்று இல்லாதவரிடம் “விற்றுத் தருகிறேன், நிறுத்திவிட்டுப் போங்கள்” என்ற பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

பணம் வங்கி வழியாகவே வரட்டும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் பணத்தை வாங்கிய உங்களுக்கு. கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தியையும் அவர் காட்டும் படத்தையும் நம்பாமல், கணக்கில் தொகை ஏறியதை வங்கியில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒப்படைக்கும் ரசீதில் தேதியோடு மணியையும் கிலோமீட்டரையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஃபாஸ்டாகை ரத்து செய்யுங்கள். காரின் திரையில் சேமித்துள்ள தொலைபேசி எண்களையும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள். பெயர் மாறிவிட்டதா என்பதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

உங்களுக்குச் சேர வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒருமுறைகூட இன்சூரன்ஸ் கேட்காததால் உங்களுக்கு 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் இருக்கும். அது காருக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. பாலிசி மாற்றும்போது நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்குள் நீங்கள் வாங்கும் வேறு காரில், முதுகுக்கு ஏற்ற உயரமான காராகவே இருக்கட்டும், அதைப் பயன்படுத்தலாம். வாங்கியவர் தம் பெயருக்குப் பாலிசியை மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை ரசீதிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் மனைவியின் விருப்பம். அதை டயர் மாற்றிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புது டயர் தரையைச் சரியாகப் பற்றுவதற்கு முதல் 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட வேண்டும். காரைக்காலிலிருந்து கல்லணை போய்த் திரும்பினால் ஏறக்குறைய அந்தத் தூரம் வந்துவிடும். கூரை மடங்கியதும் டிக்கியில் 180 லிட்டர் இடம்தான் மிஞ்சும் என்பதால் சாப்பாட்டுக் கூடையைச் சிறியதாக எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுக்கு ஒரு மெல்லிய தலையணை, வழியில் இரண்டு இடத்தில் இறங்கி நடை. திரும்பி வந்ததும் சக்கர போல்ட்டுகளின் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்த்து, அடியில் ஒட்டிய தூசியைக் கழுவிவிட்டு, மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் விளம்பரத்துக்கான படங்களை எடுத்துவிடுங்கள்.